பயிற்சி என்னும் கெட்ட வார்த்தை

சென்ற மாதம் பெரம்பலூரில் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில், சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் தம் கட்டுரையை வாசித்தார். கடற்கரையில் நடந்த டிரையத்லான் போட்டி ஒன்றில் அவர் கலந்துகொண்ட கதை. பெயர் கொடுத்தது விளையாட்டாக. பயிற்சி செய்தது பத்து நாள், அதிலும் நான்கு நாள் மழை. நீச்சல்குளத்துக்குப் போனது இரண்டே முறை. சைக்கிள் பக்கத்து வீட்டுப் பையனுடையது. கடைசியாக வந்தவர்களில் ஒருவராக வந்து சேர்ந்தார், கழுத்தில் பதக்கம் விழுந்தது. நல்ல நகைச்சுவையோடு எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கடைசிப் பத்தி வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மனம் ஒப்பினால் உடம்பு பின்னால் வரும், பயிற்சி என்பதெல்லாம் பயந்தவர்களின் சடங்கு என்று முடித்திருந்தார். பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் இரண்டு பையன்கள், நாற்காலி எடுத்துப்போட உதவிக்கு வந்தவர்கள், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதிவிட்டு உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வருமென்று காத்திருப்பவர்கள். அவர்கள் கைதட்டியதுதான் இரண்டு நாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இக்கட்டுரை அந்தக் கடைசிப் பத்தியை மறுப்பதற்காக எழுதப்படுகிறது. மற்றப் பத்திகளோடு எனக்குச் சண்டையில்லை. நண்பர் நன்றாக எழுதுகிறவர். சிக்கலே அதுதான், மோசமாக எழுதுகிறவர் சொன்னதை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

டிரையத்லானை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கவேண்டும். ஈரம் துடைத்துச் செருப்பு மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அயர்ன்மேன் எனப்படும் பெரிய போட்டியில் இந்தத் தூரங்கள் 3.8, 180, 42.2 என்று விரிகின்றன. அதில் சரிபாதித் தூரமுள்ள போட்டி 2019-இல் கோவாவுக்கு வந்தது. 2024-இல் பெங்களூர் தெற்குத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா அதை முடித்தபோது நாடெங்கும் செய்தியாயிற்று. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: நான்கு மாதம் கடுமையாகப் பயிற்சி செய்ததாக அவரே எழுதியிருந்தார். மக்கள் மனத்தில் எஞ்சியது பதக்கம் அணிந்த படம். நான்கு மாதத்தைப் படம் பிடிக்க முடியாதல்லவா.

இந்தப் போட்டியின் பிறப்புக் கதையையும் நம்மவர்கள் பாதியாகத்தான் சொல்கிறார்கள். ஹவாயில் நான்கு பேர் பந்தயம் கட்டிக்கொண்டார்களாம், மறுநாளே கடலில் குதித்தார்களாம் என்கிற பாவனையில். 1977-இல் ஓவாஹு தீவில் ஒரு தொடரோட்டத்தின் பரிசளிப்பு விழாவில், ஓட்டக்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இடையே யாருக்கு உடல்தகுதி அதிகம் என்று வாக்குவாதம் எழுந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிடலாம் என்றார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆயிற்று. வாக்குவாதம் செய்தவர்கள் யார் என்பதைக் கவனிக்கவேண்டும். வருடக்கணக்கில் ஓடியவர்களும் நீந்தியவர்களும். யாருடைய பயிற்சி பெரிது என்பதே அங்கே சண்டை. அந்தக் கூட்டத்திலிருந்து பயிற்சியைக் கழித்துவிட்டுப் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, சமையலில் அரிசியை விட்டுவிட்டு உலையை மட்டும் கொதிக்கவைப்பது போன்றது.

இனி என் கதை. நண்பரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நான் பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்து ஊரில் பிறந்தவன். ஆறு கிடையாது, வாய்க்காலும் கிடையாது. சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடு, நடுவே கிணறு. நீச்சல் கற்றதெல்லாம் கிணற்றில்தான். முதல் வருடம் முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் தாம்புக்கயிறு. கயிற்றின் மறுமுனை அப்பாவின் கையில். மூன்றாம் படியில் உட்கார்ந்து காலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது ஒரு முழுக் கோடை. மறு கோடையில் குடுக்கை போயிற்று, கயிறு இருந்தது. அதற்கடுத்த கோடையில்தான் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதிக்க அனுமதி கிடைத்தது. பிறகு அரியலூரில் வேலை கிடைத்து, அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு, இருபது வருடம் தண்ணீரில் இறங்காமலே வாழ்ந்தேன். (அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்து, 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தவை. எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் வருடத்தைச் சொல்லித்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.)

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நடந்த ஒரு போட்டிக்கு நானும் பெயர் கொடுத்தேன். ஒலிம்பிக் தூரம். மூன்று வாரம் இருந்தது. கிணற்றில் நீந்தியவன், பள்ளிக்கு ஏழு மைல் சைக்கிள் மிதித்தவன், பஸ் பிடிக்க ஓடியவன். இதற்குமேல் என்ன பயிற்சி என்று நினைப்பு. கடல் எங்கள் பக்கத்தை விட்டுப் போய் ஆறு கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. போகும்போது காரையிலும் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையிலும் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளை விட்டுச் சென்றது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடலைப் பற்றி எனக்கு இருந்த அறிவும் ஏறக்குறைய அந்தக் காலத்தியதே.

விசில் ஊதியதும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நீருக்குள் ஓடினார்கள். கிணற்றில் உங்கள் முகத்தில் யாரும் உதைப்பதில்லை. கிணற்றுக்குச் சுவர் உண்டு, நான்கு வீச்சில் கை எட்டும். கிணற்றில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே நீந்தலாம். கடலில் தலையைத் தூக்கினால் இடுப்பு தாழ்கிறது, இடுப்பு தாழ்ந்தால் அலை வாய்க்குள் வருகிறது. கரையிலிருந்து இருநூறு மீட்டர்கூடப் போயிருக்கமாட்டேன். திருப்பத்தில் கட்டியிருந்த மஞ்சள் மிதவை கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு வரவில்லை என்று தோன்றியது. இன்னும் வேகமாக இழுத்தேன். இன்னும் வரவில்லை. கை கால் மரத்தது, விரல் மடங்கிக்கொண்டது. கத்தவேண்டும் என்று நினைத்தேன், கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே.

காவலுக்கு நின்ற மீனவர் ஒருவர் ஃபைபர் படகைப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஏற முயன்றேன். "ஏறாதீங்கண்ணே, விளிம்ப மட்டும் புடிச்சிக்கங்க. மூச்ச இழுக்காதீங்க, வெளிய விடுங்க. விடுங்க, விடுங்க" என்றார். விட்டேன். ஒரு நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. மருத்துவர்கள் பிறகு விளக்கினார்கள்: பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றும், மூச்சு போதவில்லை என்ற உணர்வு கூடும், அதனால் இன்னும் வேகமாக வாங்குவோம். அந்த மீனவர் எந்த மருத்துவக் கல்லூரியிலும் படித்திருக்க வாய்ப்பில்லை. எத்தனை பேரைத் தூக்கியிருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

வெட்கத்தோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஊருக்குத் திரும்பி இதை நானும் வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். பல வருடம் சொன்னேன். என் கதையில் அந்த மீனவர் ஒரு கோமாளி; நான் படகில் தொங்கியபடி அவரிடம் டீ கிடைக்குமா என்று கேட்பேன். சபை சிரிக்கும். உயிர் தப்பியவனின் கதை எப்போதும் நகைச்சுவையாகத்தான் இருக்கும், ஏனென்றால் தப்பாதவன் வந்து சொல்வதில்லை.

தப்பாதவர்களின் கணக்கை அமெரிக்காவில் எடுத்திருக்கிறார்கள். 1985 முதல் 2016 வரை அந்நாட்டு டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் மாரடைப்புகளையும் தொகுத்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நேர்ந்தது. முன் அனுபவம் பற்றித் தகவல் கிடைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு அதுவே முதல் போட்டி. லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவான விகிதம்தான், பெரிதாக அச்சப்படவேண்டியதில்லை என்று வாதிடலாம், நியாயமே. பிரேதப் பரிசோதனை நடந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இதயக்கோளாறு இருந்ததும் உண்மை. ஆனால் மூன்று பகுதிகளில் மிகக் குறைந்த நேரம் எடுப்பது நீச்சல். மூன்றில் இரண்டு பங்கு சாவு அங்கே நடக்கிறது. சைக்கிளில் முடியாவிட்டால் காலை ஊன்றலாம். ஓட்டத்தில் முடியாவிட்டால் மரத்தடியில் உட்காரலாம். தண்ணீரில் உட்கார இடமில்லை. மனம் ஒப்பினால் போதும் என்கிறவர் இந்த ஓர் இடத்தில் என்ன சொல்வார் என்று கேட்க விரும்புகிறேன்.

நம் சிற்றிதழ் வாசகர்களுக்கு முரகாமி என்றால் உயிர். அவர் ஓட்டத்தைப் பற்றி 2007-இல் எழுதிய நினைவுக் குறிப்பு நூலைப் பலர் வைத்திருப்பீர்கள். 1982-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மனிதர், மாரத்தான்களைக் கணக்கில்லாமல் முடித்தவர், டிரையத்லானில் நீச்சல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மூச்சு இறைத்துத் திணறிப் போட்டியை விட்டதை அதில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பிறகு செய்தது என்ன? தமக்குத் தெரிந்திருந்த நீச்சலை ஒதுக்கி வைத்துவிட்டு, பயிற்சியாளர் ஒருவரிடம் கைவீச்சை முதலிலிருந்து கற்றார். அவ்வளவு பெரிய பெயர் வந்தபிறகு. அதே நூலில், நாவலாசிரியனுக்கு வேண்டியவற்றில் திறமை பிறவியோடு வருவது, குவிப்பும் தாக்குப்பிடித்தலும் பயிற்சியால் பெறக்கூடியவை என்கிறார். நம்மவர்கள் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டது ஷூ அணிந்த எழுத்தாளரின் தோற்றத்தை மட்டும். நமக்கு எழுத்தில்கூட 'நான் எதையும் படிப்பதில்லை, தானாக வருகிறது' என்று சொல்லும் கவிஞர்மேல்தான் பிரியம். அது வேறு கட்டுரைக்கான சங்கதி.

எதிர்வாதம் ஒன்று அன்றைக்கே எழுந்தது, புறந்தள்ள முடியாதது. பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஏன் தம்பி, நம்ம ஊரிலிருந்து சமயபுரத்துக்கு நாப்பது கிலோமீட்டருக்கு மேல செருப்பில்லாம நடக்கிறாங்களே, அறுபது வயசுக் கிழவி நடக்கிறா. எந்த வாத்தியார் வச்சுப் பழகினா?" கூடவே இன்னொருவர், பயிற்சி என்பது லட்ச ரூபாய் சைக்கிளும் மணிக்கட்டில் இதயத்துடிப்பு எண்ணும் கடிகாரமும் வைத்திருப்பவர்களின் வியாபாரச் சரக்கு, உழைக்கிறவனுக்கு எதற்கு என்றார்.

இரண்டாமவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அறுபது வயதுக் கிழவியைப் பழக்கியது யார் என்பதற்குப் பதில் உண்டு. அவள் நாற்பது வருடமாகச் செருப்பில்லாமல் காட்டுக்கு நடக்கிறாள், தலையில் புல்லுக்கட்டோடு. காப்புக் கட்டி, விரதமிருந்து, எண்ணெய்ப் பலகாரம் தள்ளி, தரையில் படுத்து உடம்பை நாள்கணக்கில் நோன்புக்குத் தயார் செய்கிறாள். கூட்டமாக நடக்கிறாள், இரவின் குளிரில் நடக்கிறாள், தண்ணீர்ப்பந்தலுக்குப் பந்தல் உட்கார்ந்து நீர்மோர் குடிக்கிறாள். எத்தனை மணிக்கு வந்தாய் என்று சமயபுரத்தாள் கடிகாரம் பார்ப்பதில்லை. இதைப் பயிற்சியற்ற நடை என்பது அவளை அவமதிப்பது. அவள் செய்த தவத்தை 'சும்மா நடந்தாள்' என்று கழித்துவிட்டு, அதைக்கொண்டு நகரத்து நண்பரின் பத்து நாள் சாகசத்துக்கு முட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிய பம்மாத்து.

பயிற்சி மேலைநாட்டுச் சரக்கு என்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவரிடம் ஒரு காலை நேரம் போய் நிற்கவேண்டும். வாடிவாசலில் சில நொடிகள் ஓடப்போகிற மாடு அது. அதற்காக மாதக்கணக்கில் ஏரியில் நீச்சல் விடுகிறார், மூச்சு கூடுவதற்கு. தார்ச்சாலையைத் தவிர்த்து மண் பாதையில் நடத்துகிறார், குளம்பும் காலும் இறுகுவதற்கு. ஈரமண் மேட்டில் கொம்பால் குத்தவிடுகிறார், கழுத்துக்கு. பருத்திக்கொட்டை, தவிடு, பேரீச்சம்பழம் எல்லாம் அளவோடு. முதல் வாரத்திலேயே முழு நீச்சல் விடுவாரா என்று கேட்டுப்பாருங்கள். "மாடு செத்துப்போயிரும் சார்" என்பார். மாட்டுக்கு நீச்சல், நடை, மண்குத்தல் என்று மூன்று பயிற்சி. அதே வீட்டுப் பிள்ளை போட்டிக்குப் போகும்போது, "தைரியமா போடா, ஆம்பளப் புள்ள" என்று ஒரே ஒரு வாசகம்.

இந்த வாசகத்தை ஊட்டியதில் நம் சினிமாவுக்குப் பங்குண்டு. ஒரே பாட்டில் நாயகன் பால்காரனிலிருந்து கோடீஸ்வரன் ஆகும் தமிழ்த் திரையில், குத்துச்சண்டை வீரன் ஆவதற்கும் ஒரு பாட்டு போதும். 'பத்ரி'யில் (2001) விஜய் கையை ஓட்டுச்சில்லில் குத்திக்கொண்டு, வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு, பாட்டு முடிவதற்குள் தயாராகிவிட்டார். நான் ரசித்துப் பார்த்த படம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் நான்கு நிமிடத்துக்குள் எத்தனை மாதம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

உடம்புக்கு அப்படி மடிப்பு கிடையாது. புதிதாக ஓடத் தொடங்குகிறவனின் மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேறுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு கூடிவிட்டதே என்று மூன்றாம் வாரத்தில் தூரத்தைக் கூட்டுகிறான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்குகிறது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறான். எலும்பில் மயிரிழைபோல் விரிசல் விழுகிறது. வெயிலுக்கு உடம்பு பழகவே பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். பழகாத உடம்பை வெயிலில் எல்லைக்கு மேல் விரட்டினால் தசையே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். மன உறுதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆபத்து இங்கே கூடும். உறுதி குறைந்தவன் வலித்ததும் நின்றுவிடுவான்.

அந்தக் கைதட்டிய பையன்களிடம் வருகிறேன். தமிழ்நாட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய எந்தப் பிள்ளைக்கும் இது முடியும். ஒழுங்காக ஓடாதவன் மூன்றாம் சுற்றில் மூச்சு முட்டி நிற்பான். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால்தான் ஓட்டம். ஆகவே எங்கள் பிள்ளைகள் புத்தகத்தை மட்டும் படிக்கிறார்கள், முடிவு வந்தபின் எஞ்சிய வாரங்களில் ஓடத் தொடங்குகிறார்கள். ஓடுவது எங்கே? மைதானத்துக்கு அருகில் வீடுள்ளவன் பாக்கியவான். மற்றவர்கள் விடியற்காலை நாலரைக்குச் சாலையில் ஓடுகிறார்கள். அரியலூர்ச் சாலை என்றால் அரியலூரில் ஒருமுறை நின்றவர்களுக்குப் புரியும். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டிப் போகும். சாலை ஓரத்து வெண்புழுதியில், முகப்பு விளக்கின் வெளிச்சத்தில், ரப்பர் செருப்போடு ஓடும் பையனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

2024 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஜார்க்கண்டில் கலால்துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், 60 நிமிடம். பார்வைக்கு எளிய கணக்கு, கிலோமீட்டருக்கு 6 நிமிடம். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அந்த ஓட்டத்தில் விழுந்து இறந்தார்கள். அரசு சில நாள் தேர்வை நிறுத்திவைத்தது. வெயில் என்றார்கள், ஊக்கமருந்து என்றார்கள், ஏற்பாடு சரியில்லை என்றார்கள், கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். எக்காரணமாயினும், அந்தப் பிள்ளைகள் எவரும் மனம் ஒப்பாமல் சாகவில்லை. மனம் வேண்டிய அளவுக்கு மேலேயே ஒப்பியிருந்தது. வீட்டில் ஒருவனுக்காவது அரசு வேலை வேண்டும் என்கிற மனம் எப்படி ஒப்பாமலிருக்கும்?

நண்பர் கடலில் திணறியிருந்தால் படகு இருந்தது. சைக்கிளில் விழுந்திருந்தால் ஆம்புலன்ஸ் இருந்தது. நடுவில் விட்டிருந்தாலும் திங்கட்கிழமை அலுவலகம் இருந்தது, சொல்வதற்கு இன்னும் நல்ல கதை இருந்திருக்கும். பயிற்சி வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு இத்தனை வசதிகள் தேவைப்பட்டிருக்கின்றன. அந்த வாசகத்தைக் கேட்டுக் கைதட்டிய பையனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவன் அதை நகைச்சுவையாகக் கேட்கவில்லை, அறிவுரையாகக் கேட்டுக்கொண்டான். இன்னொரு கூட்டத்துக்கும் இந்த வாசகம் மிகவும் வசதியானது: மைதானம் கொடுக்கவேண்டியவர்களுக்கு. ஊக்கம் போதும் என்றால் ஓடுதளம் எதற்கு, பயிற்சியாளர் பணியிடம் எதற்கு, ஊருக்கொரு நீச்சல்குளம் எதற்கு?

அரியலூரிலிருந்து இந்திய ஹாக்கி அணிக்குப் போன கார்த்தி செல்வத்தை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோல் அவருடையது. 2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிராகவும் அடித்தார். எளிய குடும்பத்துப் பிள்ளை, ஆகையால் 'மன உறுதியால் வென்றவர்' என்று எழுதுவது சுலபம். அவர் உருவானது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். வீட்டைவிட்டு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போய், வருடக்கணக்கில் தினமும் காலையும் மாலையும் மட்டையும் பந்துமாக இருந்து உருவானார். எங்கள் மாவட்டத்தில் உறுதிக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அது கூலிக்குப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கோவில்பட்டிதான் இங்கே இல்லை.

கிணறுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆழ்குழாய் வந்தபிறகு எங்கள் பக்கத்துத் திறந்த கிணறுகளில் முக்கால்வாசி வறண்டுவிட்டன. சுரைக்குடுக்கை கட்டிய தலைமுறை என்னோடு முடிந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் மழை பெய்தால் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் நீர் நிற்கிறது, பச்சையாக, பார்க்க அழகாக, விளிம்பிலிருந்தே ஆழமாக. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது: குளிக்கச் சென்ற மாணவர்கள் இருவர், காப்பாற்றப்போன இன்னொருவர். அவர்களும் தைரியசாலிகளே.

அன்று கூட்டம் கலைந்தபின் அந்தப் பையன்களில் ஒருவனை நிறுத்தி, எத்தனை நாளாக ஓடுகிறாய் என்று கேட்டேன். "இன்னும் ஆரம்பிக்கல சார். லெட்டர் வரட்டும், பாத்துக்கலாம். அண்ணன் பத்து நாள்லயே முடிச்சிருக்காரே" என்றான். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னேன். வந்தான். முதல் வாரம் நடை மட்டும்தான் என்றதும் முகம் சுருங்கிப்போயிற்று. நாளைக்கு வருவானோ மாட்டானோ என்றிருந்தது. இதுவரை பதினெட்டு நாள் வந்திருக்கிறான். நேற்றுத்தான் ஒரு சுற்று மெதுவாக ஓடவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகிறேன். எங்கள் கிணற்றில் இந்த வருடம் எட்டுப் படி தண்ணீர் நிற்கிறது. குடுக்கை கிடைக்கவில்லை, காலி எண்ணெய்க் கேன் ஒன்றை அண்ணன் மகளின் முதுகில் கட்டினோம். கயிறு அப்பா காலத்தியது அல்ல, நைலான். மூன்றாம் படியில் உட்கார்ந்து காலை அடித்துக்கொண்டே அரைமணி நேரம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "சித்தப்பா, எப்ப மேலேருந்து குதிக்கிறது?"

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் என்றேன்.